மலைக்குத் தெரிந்த காலணி

விடிந்ததும் முதல் வேலை காலணிக்குத்தான். எனக்குக் காப்பி அதற்குப் பிறகு. ஈரப்பெட்டியைத் திறந்து இரண்டையும் வெளியே எடுப்பேன். தோல் காய்ந்தால் வெடிக்கும், ஊறினால் பூஞ்சை பூக்கும். நடுவில் ஒரு பதத்திலேயே வைத்திருப்பதற்காகச் செய்த பெட்டி அது. பருத்தித் துணியால் ஒற்றி, விரல் நுனியில் எண்ணெய் தொட்டு மடிப்புகளில் தேய்ப்பேன். பிறகு காலணியைக் கவிழ்த்து, அதன் அடிப்பகுதியைச் சுவரில் பதித்திருக்கும் தேய்மானியின் கண்ணுக்கு நேரே பிடிப்பேன். பல வருடங்களாக அது பச்சை விளக்குக் காட்டிக்கொண்டிருந்தது. பிறகு மஞ்சளானது. அன்றைக்குக் காலையில் சிவப்பைக் காட்டி, குரலும் கொடுத்தது.

"அடித்தளம் ஓர் ஏற்றம் தாங்கும். இறக்கம் உறுதியில்லை."

மறுபடியும் பிடித்தேன். அதையே சொன்னது. கருவிகளோடு வாதாடும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. காலணியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, அண்ணன் மகனின் மனைவி இளவெயினியைக் காப்பி போடச் சொன்னேன்.

என் பெயர் மாயக்காள். நரையான்பட்டியில் இப்போது நடைவீடு என்று சொன்னால் எங்கள் வீடு ஒன்றுதான். முன்பு ஏழு இருந்தன. ஆறு வீடுகளின் காலணிகள் தேய்ந்து முடிந்து, மலைவாசலுக்கு வெளியே ஆறு குழிகளில் கிடக்கின்றன. ஒவ்வொரு குழியின் மேலும் ஒரு கல். அந்தக் கற்களைத் தாண்டி நான் வாசலுக்குள் நுழையும்போது, மற்ற ஆறு வீட்டாரும் எழுந்து நிற்பார்கள். நான் யாரையும் எழுந்து நிற்கச் சொன்னதில்லை. எழுந்தவர்களை உட்காரச் சொன்னதுமில்லை.

தேய்மானி சொல்வது ஊர்மன்றத்துக்கும் அந்த நொடியே போய்விடும். யாராவது வருவார்கள் என்று தெரியும். சோணைமுத்து வருவார் என்றுதான் நினைக்கவில்லை. ஆறாவது குழி அவர் வீட்டுடையது.

"என்ன மாயக்கா, செருப்பு படுத்துருச்சாம்ல?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அது செருப்பு இல்ல. காலணி."

"எங்க வீட்டுலயும் காலணியாத்தான் இருந்துச்சு. குழிக்குள்ள எறக்குன மறுநாளு, ஊருக்குள்ள எல்லாப் பயலும் செருப்புன்னுட்டான்."

"மன்றத்துல என்ன சொல்லி அனுப்புனாக?"

"வெள்ளிக்கெழம மேளத்தோட வழியனுப்பிருவோம்னு சொன்னாக. ஏழாவது குழி வெட்டியாச்சு. நல்ல எடம், வேப்பமரத்து நெழலு. இந்த வருசம் நீங்க ஏற வேணாம். தண்ணிக்குக் கீழ்க்காட்டுக் குழாய்ல ஏற்பாடு பண்ணியாச்சு."

"நான் கேட்டேனா?"

"யாரு கேட்டா? குழி தயாரா இருக்குன்னு சொல்ல வந்தேன்."

இந்த ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதெல்லாம் விளங்காது. என் அய்யாவின் அய்யா காலத்தில் நரையான்மலை ஒரே மழையில் சரிந்து மூன்று ஊர்களை மூடியது. அதற்குப் பிறகு மலையைக் கட்டி நிறுத்த ஒரு வழி கண்டுபிடித்தார்கள். செவியிழை என்று பெயர். காளான் வேர் மாதிரி மண்ணுக்குள் ஓடும் உயிருள்ள இழை. சரிவு முழுக்க அதை விதைத்தார்கள். மண்ணில் எந்தப் பாரம் எங்கே விழுகிறது என்பதை அது கேட்கும். பழகிய பாரம் என்றால் இறுகி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பழகாத பாரம் என்றால் தளரும். தளர்ந்த இடத்தில் சரிவு கிளம்பும்.

அதைப் பழக்குவதற்கு ஆள் வேண்டியிருந்தது. ஏழு குடும்பங்கள் முன்வந்தன. இழை வளர்ந்த வருடங்களில், அதற்கென்றே செய்த காலணிகளைப் போட்டுக்கொண்டு மழையிலும் வெயிலிலும் ஏறி இறங்கினார்கள். மலை அந்தக் காலணிகளைத் தெரிந்துகொண்டது. அதன் பிறகு வேறு எதையும் அது ஏற்கவில்லை. இயந்திரக் கால்களை அனுப்பினார்கள். மண் அவற்றை முதல் வளைவிலேயே விழுங்கியது. பறக்கும் வான்பெட்டிகளால் அடர்ந்த மரக்கூரைக்குள் நுழைய முடியவில்லை. உச்சியில் இருக்கும் ஊற்றுக்கண்ணைப் பருவமழைக்கு முன் வருடத்துக்கு ஒருமுறை யாராவது கையால் தூர்வார வேண்டும். இல்லாவிட்டால் கீழே தண்ணீர் இல்லை. போய்த் தூர்வாரித் திரும்புகிறவருக்கு, மலைவாசலில் ஊர் கூடி நின்று தலையில் பட்டுக் கட்டும். அதுதான் முதல் மரியாதை. கோயிலிலும் கல்யாணத்திலும் மன்றத்திலும் அந்த வருடம் முழுக்க அந்த வீட்டுக்குத்தான் முதல் இலை, முதல் சொல்.

காலணி குழிக்குள் இறங்கினால், மரியாதையும் அதோடு இறங்கும். ஆறு வீடுகள் அப்படி இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். மனிதர்கள் அப்படியேதான் இருந்தார்கள். தெருவில் அவர்கள் நடக்கும் விதம்தான் மாறியது.

இளவெயினி காப்பிக் கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தாள். தூத்துக்குடிக்காரி. என் அண்ணன் மகன் கடல்மின் நிலையத்தில் வேலை பார்க்கிறான். அங்கே பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தவள். எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்பாள்.

"அத்த, ஒண்ணு கேக்கட்டுமா? கோவப்படக் கூடாது."

"கேளு."

"மலைக்கு எது தெரியும்? ஷூவா, காலா?"

சோணைமுத்து கோப்பைக்குள் சிரித்தார். நான் அவளுக்கு நிதானமாகப் பதில் சொன்னேன்.

"காலணிதான். எனக்குத் தெரிஞ்சு எங்க அய்யா போட்டாரு. அவருக்கு நடக்கையில குதிகால் வெளிய சாயும். பெறகு எங்க அண்ணன் போட்டாரு, உன் மாமனாரு. அவருக்குப் பெருவெரல் நீளம். இப்ப நான் போடுறேன். எனக்குப் பெருசா இருக்குன்னு முன்னால துணி வச்சிருக்கேன். மூணு பேரு காலும் மூணு தினுசு. மலை ஒண்ணுஞ்சொல்லல. அப்ப அதுக்குத் தெரிஞ்சது எது?"

"சரி. நீங்க மொத மொதல்ல எப்பிடிப் போனீங்க?"

"அண்ணன் பின்னால. அதுக்குப் பின்னடைன்னு பேரு. அடுத்து நடக்கப் போறவுக ஒரு பருவம் பூராவும் பின்னாலயே நடக்கணும். அப்புறந்தான் காலணி கைக்கு வரும்."

"அப்போ ஷூ மாமா கால்லல்லா இருந்திருக்கும்?"

"பின்ன?"

"ஒங்க கால்ல என்ன போட்டிருந்தீங்க?"

"ஒண்ணுமில்ல. வெறுங்கால்தான். அதான் முறை."

சொல்லி முடித்த பிறகுதான், நான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது. சோணைமுத்து கோப்பையைக் கீழே வைத்தார். இளவெயினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"முன்னால போற காலணியோட பிடி பின்னால வர்ற காலையும் காக்கும்," என்றேன். "இது ஊருக்கே தெரிஞ்ச விசயம்."

"யாரு கண்டுபிடிச்சாங்க?"

"கோப்பைய எடு," என்றேன்.

அவள் எடுத்துக்கொண்டு போனாள். ஆனால் கேள்வி போகவில்லை. காலில் முள் ஏறினால் எப்படியோ, அந்த வாரம் முழுக்க அப்படி இருந்தது. எங்கள் அய்யாவும் அவருடைய அய்யாவுக்குப் பின்னால் வெறுங்காலில்தான் போயிருக்கிறார். ஏழு வீட்டிலும் அதுதான் முறை. வெறுங்கால்களை மலை அத்தனை வருடமும் சுமந்திருக்கிறது. காலணி தேய்ந்த ஆறு வீட்டில் ஒருவர்கூட அதைக் கழற்றி வைத்துவிட்டு நடந்து பார்க்கவில்லை. நானும்தான். கழற்றுவது அபசாரம் என்று இருந்தோம்.

பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. தோன்றியதும் முதுகு தானாக நிமிர்ந்தது. மலைக்குத் தெரிந்தது காலணி இல்லை, எங்கள் கால்தான் என்றால்? எங்கள் ரத்தம்தான் என்றால்? அப்படியானால் காலணி போனாலும் மரியாதை போகாது. என் அண்ணன் மகனுக்கும், அவனுக்குப் பிறக்கப்போகிறவர்களுக்கும் அது வரும். ஏழாவது குழியை ஊரார் மூடிக்கொள்ளலாம்.

மன்றத்துக்குச் சொல்லி அனுப்பினேன். காலணி குழிக்குள் இறங்காது. நான் ஏறுவேன். ஊற்றைத் தூர்வாருவேன். காலணி எங்கே முடிகிறதோ அங்கேயே வைத்துவிட்டு இறங்கி வருவேன். எப்படி இறங்குவேன் என்று கேட்டார்கள். நடந்து என்றேன்.

வெள்ளிக்கிழமை மலைவாசலில் ஊரே கூடியிருந்தது. மேளக்காரர்கள் வாசிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். வேப்பமரத்தடியில் புதுக்குழி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. எப்போதும்போல் வாசல் தூணை ஒட்டிப் பவளம் நின்றுகொண்டிருந்தாள். சோணைமுத்துவின் தம்பி தவசியின் மனைவி. அந்த அண்ணன் தம்பியின் அய்யா திடீரென்று போய்ச் சேர்ந்தார். பின்னடைக்குக்கூட நேரம் கொடுக்கவில்லை. அவர் விட்டுப்போன காலணியும் தேய்ந்து முடிந்திருந்தது. தவசி அந்த அடித்தளத்தை அச்செடுத்து, அணுப்பிசகாமல் புதுக்காலணி வார்த்துப் போட்டுக்கொண்டு ஏறினான். வளைக்கல் திருப்பத்தில் மண் அவனைக் கொண்டுபோய்விட்டது. அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் நான் ஏறும்போது பவளம் அந்தத் தூண் பக்கத்தில் வந்து நிற்பாள். என்னிடம் பேசியதில்லை. நான் இறங்கி வந்ததும் போய்விடுவாள்.

நான் வாசலுக்குள் காலெடுத்து வைக்கும்போது சோணைமுத்து முன்னால் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். காலில் ஒன்றும் இல்லை.

"நானும் வர்றேன்."

"எங்க வீட்டு நடையில வெளியாளு வந்ததில்ல."

"தெரியும். தம்பி விழுந்த எடத்த ஒரு தடவ பாக்கணும். ஒங்க காலணி போயிருச்சுன்னா, பெறகு யாரு பின்னால போயிப் பாக்கிறது?"

செருப்பு என்று சொல்லவில்லை. அதைக் கவனித்தேன். மறுக்கத்தான் வாயெடுத்தேன். பவளம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒட்டி வாங்க," என்றேன். "தள்ளி வந்தா நான் பொறுப்பில்ல."

ஏற்றத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மூட்டுகள் என்னைத் திட்டின. நான் அவற்றைத் திட்டினேன். காலடியில் இழை இறுகும்போது ஒரு சத்தம் வரும், நனைந்த கயிற்றை முறுக்கினால் வருவது மாதிரி. பழகியவர்களுக்கு அது கேட்காது; கேட்காமல் போனால்தான் கவனிப்போம். அன்றைக்கு நான் கவனித்தேன். என் எட்டுக்கு ஒரு முறுகல். அதன் பின்னாலேயே இன்னொன்று, கொஞ்சம் தயங்கி. சோணைமுத்துவின் எட்டுக்கு.

"இது என்ன சத்தம்?" என்று கிசுகிசுத்தார்.

"மலை பிடிக்குது."

"என்னையவா?"

"காலணிய. பேசாம வாங்க."

"பேசாம வந்தா பயமா இருக்குல்ல. என்னைய ஏதாச்சும் திட்டிக்கிட்டாவது வாங்க."

வளைக்கல் வந்ததும் அவர் நின்றார். நானும் நின்றேன். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது. சரிந்த இடத்தில் புல் முளைத்து, புதர் மூடி, மற்ற இடம் மாதிரியேதான் இருக்கும். அவர் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையை மண்ணில் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். நான் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றேன். ஒருவர் அழும்போது பார்க்கக் கூடாது.

உச்சியில் ஊற்றுக்கண் நிறைய வண்டல் சேர்ந்திருந்தது. இருவரும் சேர்ந்து கைகளால் அள்ளினோம். எனக்கு எப்போதும் ஒரு பகல் பிடிக்கிற வேலை, அன்றைக்குச் சீக்கிரம் முடிந்தது. தண்ணீர் ஒருமுறை கலங்கி, இருமி, பிறகு தெளிந்து குழாய்க்குள் இறங்கும் சத்தம் கேட்டது. எழுந்திருப்பதற்காக வலது காலை ஊன்றினேன். அடித்தளம் பாதியோடு பிளந்து, நாக்கு மாதிரித் தொங்கியது. இடதைப் பார்த்தேன். அதுவும் ஓரத்தில் விட்டிருந்தது. தேய்மானி பொய் சொல்லவில்லை.

பாறைமேல் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தேன். இரண்டையும் ஊற்றுத் தண்ணீரில் கழுவினேன். அந்தத் தோலில் எத்தனை ஒட்டு என்று எனக்கே நினைவில்லை. அய்யா வைத்த ஒட்டில் தையல் கரடுமுரடாக இருக்கும். அண்ணன் வைத்ததில் நேராக இருக்கும். என்னுடையதில் நூல் நிறம் பொருந்தாது. முன்பகுதியில் அடைத்திருந்த துணியை இழுத்து வெளியே எடுத்தேன். என் பழைய சேலையின் துண்டு. காலணி என் கைக்கு வந்த அன்று அடைத்தது, கட்டிபட்டுப் போயிருந்தது. அதை எடுத்த பிறகு முதல்முறையாக உள்ளே வெளிச்சம் போனது. உட்தோலில் விரல்களின் பள்ளங்கள் தெரிந்தன. என் விரல்களுடையது ஒரு வரிசை. அவற்றைத் தாண்டி முன்னால் ஒற்றைப் பள்ளம், ஆழமாக. அண்ணனின் பெருவிரல். துணிக்கு அந்தப்புறம், இத்தனை வருடமும் அது அங்கே இருந்திருக்கிறது. என் விரல் எட்டவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பள்ளத்தில் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். பிறகு காலணிகளை ஜோடியாக, நுனி ஊற்றைப் பார்க்கும்படி, பாறையின் மறைவில் வைத்தேன். எங்கள் வீட்டில் யாரையும் வழியனுப்பும்போது போய்வா என்று சொல்வதில்லை. எதிரே நின்று, அவர்கள் கிளம்பும்வரை காத்திருப்போம். இங்கே கிளம்ப வேண்டியவள் நான்தான். அதனால் கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

"மாயக்கா," என்றார் சோணைமுத்து. குரல் வேறுமாதிரி இருந்தது. "எறங்குறது எப்பிடி?"

"நடந்து."

"வெளாடாதீக."

"நான் முன்னால போறேன். மண்ணு என்னைய வாங்கிருச்சுன்னா, நீங்க இங்கயே ஒக்காந்து கத்துங்க. யாராச்சும் ஏதாச்சும் செய்வாக."

முதல் எட்டை வைத்தேன். குளிர்ந்த மண். விரல்களுக்கிடையில் ஈரம். ஒரு மூச்சுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. என் அய்யா பெயரை மனதில் சொன்னேன். முறுகியது. நனைந்த கயிற்றின் அதே சத்தம். காலணியோடு கேட்டதைவிடக் கிட்டத்தில், எலும்பு வழியாகக் கேட்டது. அடுத்த எட்டும் முறுகியது. அதற்கடுத்ததும். சிரித்துவிட்டேன். வயசுக்கு மீறிய சிரிப்பு.

"பாத்தீகளா!" என்று திரும்பாமலே கத்தினேன். "காலணி இல்லய்யா! எங்க காலு! எங்க ரத்தம்! நூறு வருசமா எங்க வீட்ட இதுக்குத் தெரியும்!"

நடந்தேன். கிட்டத்தட்ட ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். அடுத்த வருடம் அண்ணன் மகனை வரச்சொல்லிப் பின்னடை போட வேண்டும். தேய்மானியைச் சுவரிலிருந்து கழற்றிவிடலாம். மன்றத் தலைவரின் முகம் எப்படிப் போகும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டே ஒரு நீண்ட வளைவைக் கடந்த பிறகுதான், பின்னால் ஆள் இல்லை என்பது உறைத்தது. திரும்பினேன்.

சோணைமுத்து வெகுதூரம் மேலே, சரிவின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். எனக்கும் அவருக்கும் நடுவே பனைமர நீளத்துக்கு வெறும் மண். மண் என்னை வாங்கவில்லை என்றதும் என்னைத் தொடர்ந்து வந்திருக்கிறார். நான் முன்னால் போய்விட்டேன். அவர் முன்னால் காலணி இல்லை. அவர் உடம்பில் எங்கள் ரத்தம் இல்லை. மலைக்கு அவர் யாரோ.

"அசையாதீக!" என்று கத்தினேன். "நான் வர்றேன்!"

அவர் அசைந்தார். ஒரு எட்டு வைத்தார். இன்னொன்று வைத்தார். குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாயக்கா. எனக்கும் முறுக்குது."

நான் அவர் வந்து சேரும்வரை நின்ற இடத்திலேயே நின்றேன். அவர் எட்டு ஒவ்வொன்றையும் கேட்டேன். ஏறும்போது இருந்த தயக்கம்கூட இப்போது இல்லை. இழை அவரைத் தெரிந்துவைத்திருந்தது. காலையில்தான் தெரிந்துகொண்டது. அவர் வீட்டு ரத்தத்தால் என்றால், தவசியை மண் கொண்டுபோயிருக்காது. எப்படி என்று கேட்க எனக்கு வேறு யாரும் தேவைப்படவில்லை. காலையில் அவர் என்னோடு வந்தார். அண்ணனோடு நான் போனேன். அய்யாவோடு அண்ணன் போனார். எந்த வீட்டுக்கும் முதல்முறை போகிறவர், அந்த வீட்டுக்குத் தெரிந்த ஒருவரோடுதான் போவார். வாசலில் இருப்பவர்கள் கூட வருகிறவரைப் பார்த்துவிட்டு, புதியவரையும் உள்ளே விடுவார்கள். மலை கேட்டது அந்த ஒன்றைத்தான். காலணியைக் கேட்கவே இல்லை.

சோணைமுத்துவும் அங்கே வந்து சேர்ந்துவிட்டார். திரும்பி, தான் இறங்கிவந்த சரிவைப் பார்த்தார்.

"அவன் தனியாப் போனான்," என்றார். "ஷூவுல ஒரு கொறையும் இல்ல மாயக்கா. நான் பக்கத்துல இருந்து வார்த்தேன். கொறையே இல்ல. யாராச்சும் ஒருத்தரு கூடப் போயிருந்தா…"

தவசி போன அந்த வருடம், மலை ஏறிய நடைவீட்டார் இன்னும் மூன்று பேர் உயிரோடு இருந்தோம். யாரையும் அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யாரும் போயிருக்கவும் மாட்டோம். இன்னொரு வீட்டு நடைக்குத் துணை போவது அவர்கள் வீட்டைத் தாழ்த்துவதாகும் என்பதுதான் எங்களுக்குள் இருந்த மரியாதை.

வளைக்கல் திருப்பத்தை இந்தமுறை நிற்காமல் கடந்தோம். வாசல் கண்ணுக்குத் தெரிவதற்கு முந்தைய வளைவில் அவர் என் முன்னால் வந்து மறித்தார்.

"சொல்லாதீக."

"என்னத்த?"

"இத. நான் ஒங்க பின்னாலயே ஒட்டி வந்தேன்னு இருக்கட்டும். ஒங்க காலு, ஒங்க ரத்தம்னே இருக்கட்டும். எனக்கு ஒரு கொறையும் இல்ல."

"எதுக்கு?"

"பவளம் இம்புட்டு நாளா வார்ப்புல ஏதோ தப்புன்னு நெனச்சுத் தேத்திக்கிட்டு இருக்கா. கூட ஒரு ஆளு போயிருந்தாப் போதும்னு எப்பிடிச் சொல்றது? கூப்புட நான் போயிருக்கலாம், வர்றதுக்கு நீங்க இருந்தீக, இன்னும் ரெண்டு பேரு இருந்தாக. வேணாம் மாயக்கா. ஒங்க மருவாதியும் நிக்கும். அவ மனசும் நிக்கும்."

இறங்கி வந்த அவ்வளவு தூரமும் நான் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. அவர் வாயை மூடிக்கொண்டால் போதும். காலணியில்லாமல் மலை ஏற்றுக்கொண்ட ஒரே வீடு என்று ஆகும். இத்தனை நாள் எழுந்து நின்றவர்கள் இனிமேல் கும்பிடுவார்கள். நான் நினைத்துக்கொண்டு ஏறியது அப்படியே கைக்குக் கிடைத்துவிட்டது. வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் அது யார் வீட்டுச் சொத்து? அய்யா அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனதால் வந்தது, அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு போனதால் வந்தது. கூட நடந்து கிடைத்த ஒன்றை, ரத்தத்தில் வந்தது என்று சொல்லித் தலையில் பட்டு வாங்குவது பிச்சை. எங்கள் வீட்டில் யாரும் பிச்சை எடுத்ததில்லை.

"தள்ளுங்க," என்றேன். அவர் தள்ளினார்.

வாசலில் எங்களைப் பார்த்ததும் ஒரு சத்தம் எழுந்து, எங்கள் கால்களைப் பார்த்ததும் அடங்கியது. மன்றத் தலைவர் பட்டோடு முன்னால் வந்தார். நான் தலையைக் குனியவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி, நடந்ததை நடந்தபடி சொன்னேன். காலணி உச்சியில் இருக்கிறது, நான் வெறுங்காலில் இறங்கினேன், என்னை விட்டு வெகுதூரம் தள்ளி இவர் தனியாக இறங்கினார், இருவரையும் மலை பிடித்தது. காலணி தேவையில்லை. வம்சமும் தேவையில்லை. தெரிந்தவர் ஒருவரோடு ஒருமுறை கூடப் போனால் போதும். இனி இவரும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

"இத மொதல்ல சொன்னது எங்க வீடு," என்றும் சொன்னேன். அது உண்மைதானே.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"அப்ப நாளைக்கே ஏறலாமா ஆத்தா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஒன் தொப்பைய மலை தாங்குமாடா மொதல்ல?" என்று இன்னொன்று.

சிரிப்பு எழுந்தது. மேளக்காரர்களில் ஒருவர், வாசிக்க ஏதோ ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்து இரண்டு அடி அடித்துவிட்டு நிறுத்தினார். இளவெயினி கூட்டத்தில் நின்றாள். நான் சொன்னேனே என்று அவள் முகம் காட்டியிருந்தால், வீட்டுக்குப் போய் அவளோடு சண்டை போட்டிருப்பேன். காட்டவில்லை. அவள் வாசல் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பவளம் தூணை விட்டு வந்தாள். கூட்டம் தானாக வழிவிட்டது. சோணைமுத்து தரையைப் பார்த்தார். அவள் அவரிடம் போகவில்லை. நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"அவரு கூட யாரும் போகல," என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. பிறகு கேட்டாள், "அம்புட்டுத்தானா?"

மன்றத் தலைவர் பட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். வேறு ஏதாவது சொல்லலாம் என்று தோன்றியது. அந்தக் காலத்தில் தெரியாது, விதி, மழை, எதையாவது சொல்லியிருக்கலாம். எல்லாமே அவளுக்குக் கேட்டுப் பழகியவை.

"அம்புட்டுத்தான்," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். என்னைத் தாண்டி மலையைப் பார்த்தாள். பிறகு குனிந்து, காலில் இருந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

முழங்கால் இரண்டும் இனி ஓர் எட்டுகூட முடியாது என்றன. நான் திரும்பி வாசலுக்குள் நடந்தேன். கையை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை. ஒரு கை தள்ளியே வந்தாள். முதல் எட்டுக்கு மண் தயங்கியது. அவள் முகம் வெளுத்தது. ஆனால் காலை எடுக்கவில்லை. இரண்டாம் எட்டுக்கு, மெல்ல, நனைந்த கயிற்றை யாரோ முறுக்கினார்கள்.

அவள் நின்றுவிட்டாள். தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, அந்தச் சத்தம் முழுக்க அடங்கும்வரை கேட்டாள். நான் முன்னால் போகவில்லை. அவள் கேட்டு முடிக்கட்டும் என்று பக்கத்திலேயே நின்றேன்.